முப்பத்திரண்டு கையெழுத்து

— இந்தப் பக்கத்துல இருக்கறது யாரோட கையெழுத்து?

— அம்மா, அது என் டைரி.

— உன் டைரிதான். கையெழுத்து யாரோடதுன்னு கேக்கறேன். சுத்தி வளைக்காதே.

— உன்னோடது.

— என்னோடதுதான். முப்பத்திரண்டு தடவை இருக்கு. அதுல ஒண்ணைக்கூட நான் போடலை.

— நீ ஏன் திறந்த? யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னேல்ல.

— பெட்ஷீட்டை உதறினேன். கீழ விழுந்து திறந்துக்கிச்சு.

— ரப்பர் பேண்ட் ரெண்டு சுத்து போட்டு வச்சிருந்தேன்.

— சரி, கழட்டித்தான் பார்த்தேன். தப்புதான். பத்து நாளா நீ முகம் கொடுத்துப் பேசறதில்லை. பெத்தவளுக்குப் பதறாதா? இப்ப சொல்லு, எதுக்கு இந்தப் பயிற்சி? கணக்குல கோட்டை விட்டுட்டியா?

— எண்பத்தி நாலு. நீதான் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்ட.

— அப்ப லீவ் லெட்டரா? ஸ்கூலுக்குன்னு கிளம்பி வேற எங்கயாவது சுத்தறியா?

— இந்த வருஷம் நான் ஒரு நாள்கூட லீவ் போடலை.

— பின்ன என்னடி? பதினொரு வயசுல கள்ளக் கையெழுத்து. முதல் பத்து கோணல்மாணல், கடைசி வரிசை நானே போட்ட மாதிரி இருக்கு. ஊர்ல உள்ளவங்க ரத்தத்தையெல்லாம் எடுத்துப் பார்த்து இவருக்கு இது, அவருக்கு அதுன்னு சொல்றேன். என் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியலை.

— திட்ட மாட்டேன்னு சொல்லு.

— அதெல்லாம் சொல்ல மாட்டேன்.

— அப்ப நானும் சொல்லலை.

— சரி, திட்டலை. உட்காரு. சொல்லு.

— ஹாஸ்டல் ஃபாரம்.

— எந்த ஹாஸ்டல்?

— எங்க ஸ்கூல் ஹாஸ்டல்தான். வெள்ளிக்கிழமையே ஆஃபீஸ்ல கொடுத்துட்டேன். ஏழாங் கிளாஸ் ஆரம்பிக்கறப்ப இடம் தருவாங்களாம்.

— யார் சொல்லிக் கொடுத்தா? உங்கப்பாவா?

— அப்பா போன் பண்ணியே மூணு மாசம் ஆச்சு.

— அப்புறம் என்னதான் உனக்குக் குறை? நாலரைக்கு எழுந்து, சமைச்சு, உனக்குத் தலை பின்னிவிட்டு, ஆறு மணிக்கு லேப்ல ஊசியும் கையுமா நிக்கறேன். சாயந்திரம் வந்து அந்தக் களைப்போட உன்கூட உட்கார்ந்து டைரி எழுதறேன். எனக்கென்ன எழுதணும்னு தலையெழுத்தா? அம்மா எழுதினா பொண்ணும் எழுதுவாங்கற ஆசைதானே?

— எனக்கு ஒரு குறையும் இல்லம்மா.

— குறை இல்லாதவ எதுக்கு வீட்டை விட்டுப் போறா? என்கூட இருக்கப் பிடிக்கலையா? அதையாவது வாயைத் திறந்து சொல்லு, கேட்டுக்கறேன்.

— அந்தப் பெரிய லேப்ல உன்னைத் தலைமை டெக்னீஷியனா கூப்பிட்டாங்கல்ல.

— அது முடிஞ்சு போன கதை.

— முடியலை. இன்னும் யாரையும் எடுக்கலை. உன் போன்லேருந்து கேட்டேன்.

— நீ கேட்டியா?

— அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதான் நான் பேசறேன்னு சொன்னேன்.

— அடிப்பாவி. அது வேற ஊருடி. பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட்னு மாறி மாறி வரும். எனக்குப் பிடிக்கலை, வேண்டாம்னுட்டேன்.

— பிடிக்கலைன்னு நீ எழுதலையே.

— எங்க எழுதலை?

— உன் டைரியில.

— என் டைரியைப் படிச்சியா?

— ஒரு பக்கம்தான். எழுதிக்கிட்டே இருந்த, போன் வந்துச்சு, திறந்தபடியே வச்சுட்டுப் போயிட்ட. பத்து நாளைக்கு முன்னாடி.

— என்ன இருந்துச்சு அதுல?

— உனக்கே தெரியும்.

— நீ சொல்லு.

— ‘இவ மட்டும் இல்லைன்னா இன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்.’

— கண்ணு, அது அன்னைக்கு ஏதோ ஆத்தாமையில எழுதினது. எழுதறதெல்லாம் நிஜமா?

— மனசுல இருக்கறதைத்தான் டைரியில எழுதணும்னு நீதானே சொல்லிக் கொடுத்த.

— இங்க பாரு. என்னைப் பாரு. நாளைக்குக் காலையில லேபுக்கு லீவ் சொல்லிட்டு உன்கூட வரேன். அந்த ஃபாரத்துல இருக்கறதெல்லாம் பொய்னு சொல்லி, கையோட திருப்பி வாங்கிட்டு வரலாம்.

— கையெழுத்து மட்டும்தான்மா பொய். ‘தாயாருக்கு முழுச் சம்மதமா’ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. அதுல ‘ஆம்’னு உண்மையைத்தான் எழுதினேன்.