டப்பாவுக்குள்ள ஒரு ஒயர் அதிகம்

– டப்பாவத் தொறக்க வாணாம்னு சொன்னேனா இல்லியா? அப்பிடியே புடுங்கிப் போட்டுட்டு புது பாக்ஸ மாட்டு, சித்தார்த்தா.

– தொறக்காம எப்பிடிண்ணா மாட்டறது? உள்ள எந்த ஒயரு எங்க போவுதுன்னு பாக்க வாணாமா? நான் எலக்ட்ரீஷியன், ஜோசியக்காரன் இல்ல.

– கேளு, அதுல பாக்க ஒண்ணுமில்ல. மோட்டாருக்கு ஒரு லைனு, மாட்டுக்கொட்டா லைட்டுக்கு ஒரு லைனு. ஜல்தியா முடிச்சிட்டு போய்க்கினே இரு.

– இன்னாண்ணா இவ்ளோ அவசரம்? வர்றப்பல்லாம் நானும் கத்திக்கினுதான் கீறேன். இந்த ஐஸ்கிரீம் டப்பாவ எடுங்க, மழத்தண்ணி எறங்கும், பல்லி பூரும்னு. அப்பல்லாம் இன்னா சொன்னீங்க? தாண்டவராயன் வீட்டு கரண்டு தாண்டவராயன் சொன்னா கேக்கும்னு சிரிச்சீங்க.

– அது அப்போ. இப்போ புத்தி வந்துடுச்சுன்னு வெச்சிக்கோயேன்.

– விடியறதுக்குள்ள போன் பண்ற அளவுக்கா வந்துச்சு? இன்னிக்கு திண்டிவனத்துல ஒரு புது வீட்டு வேலைக்கு வர்றேன்னு சொல்லி இருந்தேன். அத உட்டுட்டு, விழுப்புரத்துல கடக்காரர எழுப்பி சாமான் வாங்கிக்கினு வர்றேன். இந்தாங்க, தண்ணி பூராத பாக்ஸு. ஷாக் அடிச்சா ஒடனே கட் ஆவற டிரிப்பரு. எர்த் கம்பி. இது எல்லாம் நான் எழுதிக் குடுத்து நீங்க கிழிச்சிப் போட்ட சாமானுதான்.

– அதான் இன்னிக்கு நானே கேட்டுட்டேனே. மாட்டு, ராசா. ராஜாமணி! தம்பிக்கு டீ கொண்டாமே. ஏமே, காதுல உழலியா?

– இந்தா தம்பி. ஆறிப்போச்சு.

– பரவால்லக்கா. ஏன்க்கா கண்ணு இப்பிடி செவந்து கீது? ஒடம்பு சரியில்லியா?

– அவளுக்கு ராத்திரி தூக்கமில்ல. நீ உள்ள போமே.

– நான் இங்கியே நிக்கிறேன்.

– உள்ள போன்னு சொல்றேன்.

– நிக்கிறேன்னு சொல்லிட்டேங்க.

– அக்கா நின்னா இன்னாண்ணா, நிக்கட்டும். மெயின ஆஃப் பண்ணிட்டேன். டெஸ்டர் வெச்சும் பாத்துட்டேன். யப்பா! இன்னாண்ணா இது? மூடி உருகி டப்பாவோட ஒட்டிக்கினு கீது. டேப்பெல்லாம் கரியாப் போச்சு.

– வெயிலுக்கு உருகி இருக்கும்.

– வெயிலு மேல இருந்துதான உருக்கும்? இது உள்ள இருந்து உருகி கீது. லூசா முறுக்கி வெச்ச ஜாயின்ட்டு வழியா ரொம்ப நேரம் கரண்டு இழுத்தாத்தான் இப்பிடி ஆவும். அதுக்குள்ள ஃபியூஸ் போயிருக்கணுமே? அய்யய்ய, ஃபியூஸ் கட்டையில சைக்கிள் பிரேக் கம்பிய சொருகி வெச்சிருக்கீங்க!

– அது அடிக்கடி போய்க்கினே இருந்துச்சுப்பா. ராத்திரியில எழுந்து எழுந்து ஓட வேண்டியதா போச்சு. ஒரே பேஜாரு. அதான் கொஞ்சம் மொத்தமா போட்டேன்.

– கொட்டா லைட்டுக்கு ஏன்ணா ராத்திரியில ஃபியூஸ் போவுது? இருங்க. மோட்டாருக்கு ஒண்ணு. லைட்டுக்கு ஒண்ணு. இந்த செவப்பு ஒயரு எதுக்கு?

– எது?

– டப்பா அடியில ஓட்ட போட்டு, செவுத்துக்கு அந்தாண்ட போவுதே. கொஞ்சம் தூரத்துலயே வெட்டி கீது.

– அது பழைய ஒயரு. சும்மா தொங்கிக்கினு இருந்துச்சு.

– பழைய ஒயருக்கு இன்னிக்கு வெட்டா? மொனையில செம்பு பளபளன்னு மின்னுது பாருங்க. செவுத்துக்கு அந்தாண்ட உங்க மல்லாட்ட கொல்ல, வேர்க்கடல நெலம்தான?

– தெரிஞ்சிக்கினே ஏன்டா கேக்குற? ஆமா, கொல்லதான். ஆமா, வேலிக்குதான். போன வாரம் ஒரே ராத்திரியில அரக்காணி மல்லாட்டைய காட்டுப்பன்னி கெளறித் தள்ளிட்டுப் போச்சு. கடைசியில எனக்கு இன்னா மிஞ்சும், மண்ணுதான் மிஞ்சும். எவன் வந்து கேட்டான்?

– வேலிக்குன்னே மிஷினு விக்குதுண்ணா. சுருக்குன்னு அடிச்சி தொரத்தும், உசுர எடுக்காது. இது வீட்டு கரண்டு. ஐஸ்கிரீம் டப்பாவுல இருந்து நேரா கம்பிக்கு உட்டிருக்கீங்க. அந்த வரப்பு மேலதான எங்க காலனி சனம் கரும்பு வெட்டப் போவுது? பசங்க எலி புடிக்கப் போவுது?

– கேளு, நான் இன்னா மடையனா? ஊர் அடங்கினப்புறம்தான் போடுவேன். வெளுக்கறதுக்குள்ள நானே எழுந்து ஆஃப் பண்ணிடுவேன்.

– நேத்து?

– நேத்தும்தான்.

– ஏங்க, பொய் சொல்லாதீங்க. நேத்து நீங்க எழுந்துக்கல.

– நீ வாய மூடு!

– அக்கா சொல்லட்டும். யாரு எழுந்தது?

– நாய் கொலச்சிக்கினே இருந்துச்சு தம்பி. நான்தான் எழுந்தேன். பிளாஸ்டிக் கருகுற வாட வந்துச்சு.

– ஆமாப்பா, கருகிச்சு. பன்னி ஒண்ணு மாட்டிக்கிச்சு. போதுமா? கம்பிய இழுத்துக்கினு உழுந்துச்சு, ஈர மண்ணுல கம்பி சாஞ்சிடுச்சு, டப்பா உருகிடுச்சு. அதுலதான் எனக்கு பயம் வந்துடுச்சு. அதான் உன்னக் கூப்பிட்டேன். இப்போ மாட்டித் தொல.

– செவுத்து மேல ஏறி ஒரு தடவ பாத்துக்கறேன்.

– எறங்குடா. அங்க இன்னா கீது உனக்கு?

– கம்பியக் காணும், குச்சியக் காணும். அதுக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிட்டீங்களா? வரப்ப வேற மம்முட்டியால வழிச்சி உட்டிருக்குது. ஆனா நேத்து பன்னி வந்த கொல்ல மாதிரி இல்லியேண்ணா. போன வாரம் கெளறின எடத்த உட்டா, புதுசா ஒரு செடி கூட சாயல.

– உள்ள பூர்றதுக்கு முன்னாடியே அடிச்சிடுச்சு. அதுக்குதான வேலி? நீ எறங்கு மொதல்ல. இந்த உருகின டப்பாவையும் வெட்டின ஒயரையும் உன் பையில போட்டுக்கோ. போற வழியில பெரிய ஏரியில கடாசிடு.

– குப்பையில போட்டா ஆவாதா?

– ஆவாது. அப்புறம் இன்னொண்ணு. யாராவது கேட்டா இந்த பாக்ஸு பொங்கலுக்கு முன்னாடியே மாட்டினதுன்னு சொல்லணும்.

– யாரு கேப்பாங்க?

– கேட்டான்னா.

– அதான் யாருண்ணா கேப்பாங்க? பன்னி செத்ததுக்கு எவன் வந்து என்கிட்ட பாக்ஸ எப்போ மாட்டினேன்னு கேக்கப் போறான்?

– ஃபாரஸ்ட்காரன் வருவான்.

– புது பாக்ஸுல தூசு கூட இல்ல. பொங்கலுக்கு மாட்டினதுன்னா நம்புவானா?

– கொஞ்சம் சாணித் தண்ணி தெளிச்சி உட்டா நம்புவான். சித்தார்த்தா, பதமா சொல்றேன் கேட்டுக்கோ. இந்த வீட்டுக்கு ஆதியில இருந்து ஒயரிங் பண்றவன் நீ. அந்த டப்பா யாரு வெச்சதுன்னு கேட்டா நான் உன் பேரத்தான் சொல்லுவேன். என் பேச்ச நம்புவாங்களா, உன் பேச்ச நம்புவாங்களா? ஊர்ல யாரக் கேட்டாலும் தெரியும்.

– டப்பாவ எடுங்கன்னு சொன்னவன் மேலயே போடுவீங்களா?

– மாட்டிட்டுப் போய்ட்டா யாரு மேலயும் எதுவும் வராது.

– நான் மாட்டலண்ணா. இதோ, ஸ்குரூ டிரைவர பையில போட்டுட்டேன். மெயினு ஆஃப்லயே கெடக்கட்டும். அந்த டப்பா இருக்கற எடத்துலயே இருக்கட்டும், எவனும் கை வெக்க வாணாம்.

– பைய கீழ வெய்யிடா. வாசக் கேட்டு பூட்டி கீது.

– கேட்ட எப்போ பூட்டினீங்க?

– நீ உள்ள வந்தப்பவே.

– சரி. பூட்டியே இருக்கட்டும். பன்னி எங்கண்ணா?

– ஆங்?

– செத்த பன்னி. எங்க கெடக்குது?

– பொதைச்சாச்சு. கெணத்து மேட்டாண்ட.

– கம்பிய இழுத்து சாய்க்கிற அளவு பன்னின்னா கனமா இருக்குமே. ஒண்டி ஆளா தூக்கினீங்களா?

– நானும் இவளும் புடிச்சி இழுத்துக்கினு போனோம். போதுமா? எத்தினி கேள்விடா கேப்ப?

– உங்களக் கேக்கலண்ணா. அக்கா, என் மூஞ்சப் பாருங்க. நீங்கதான மொதல்ல போய்ப் பாத்தீங்க? அது பன்னிதானா?

– ராஜாமணி! வாயத் தொறந்த, இங்கியே வெட்டிப் போட்டுடுவேன்.

– பன்னின்னு நெனச்சிதான் தம்பி ஓடினேன். கிட்ட போனா, அது கையில புடிச்சிருந்த டார்ச்சு இன்னமும் எரிஞ்சிக்கினு இருந்துச்சு.