கழுவிய ஆணிகள்

களிமண் சரியும்போது பெரிய சத்தம் வராது. நனைந்த மெத்தையை மாடியிலிருந்து கீழே போட்டால் ‘தொப்’பென்று கேட்குமே, அவ்வளவுதான். பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடிக்கொண்டிருந்ததால், களஞ்சியத்தில் வாஃபிள் தின்றுகொண்டிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஒட்மண்ட் கழுத்துவரை மண்ணுக்குள் இருந்தார்.

எழுதிக்கொள்ளுங்கள் தூர்டிஸ். காவல்துறைக்கு அவசரம் இருக்கலாம், எனக்கு இல்லை.

ஒட்மண்டின் நிலத்து மேட்டுக்கு அடியில், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு பெரிய மனிதரைப் படகோடு புதைத்திருந்தார்கள். மரம் மக்கிவிட்டது. இரும்பு ஆணிகள் மட்டும் மண்ணுக்குள் வரிசையாக நின்றன. எந்த ஆணி எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறதோ, அதுதான் படகு. அளந்து, வரைந்து, எண் போட்ட பிறகே ஒன்றைத் தொடலாம். தொல்லியல்காரியான நான் மூன்று கோடைகள் குழிக்குள் குந்தியிருந்து, வலப்பக்கத்து நானூறு ஆணிகளை வெளியே தெரியவைத்தேன். அளப்பதற்குள் அருங்காட்சியகத்தில் இரண்டு நாள் கூட்டம். போனேன்.

இந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காமலே உதவுவார்கள். ஊரே திரண்டு வந்து, கூலியில்லாமல் ஒரு வேலையை முடித்துவிட்டு, வாஃபிள் சுட்டுத் தின்பார்கள். துக்னாட் என்று அதற்குப் பெயர் வேறு. பள்ளிக்கூடத்துக்குச் சாயம் அடிப்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் நான் திரும்பியபோது ஒட்மண்ட் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"டாக்டரம்மா, மூணு வருஷமா குத்தவெச்சு நோண்டிட்டிருந்தீங்களே, நாங்க ஒரே காலையில முடிச்சிட்டோம்."

நான்கு மீன்பெட்டிகளில் நானூறு ஆணிகள். பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவி, பெரியது, சிறியது என்று பிரித்தும் வைத்திருந்தார்கள்.

"எது எங்க இருந்துச்சுன்னு குறிச்சீங்களா?"

"எங்க இருந்துச்சு? குழிக்குள்ளதான் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ என் கையில் ஜாம் தடவிய வாஃபிளைத் திணித்தார்கள். சாப்பிட்டேன். ஜாம் நன்றாகவே இருந்தது.

பிறகு ஒட்மண்ட் குழியைக் காட்ட என்னை அழைத்துப்போனார். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். சுவரைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைக் காணோம். இடைஞ்சலாக இருந்ததாம், கழற்றிவிட்டார்களாம். களிமண் சுவரின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"அந்தச் சுவரை ஒட்டி நில்லுங்க ஒட்மண்ட். ஒரு படம் எடுத்துக்கறேன்."

தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால," என்றேன்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். மண்வெட்டியைக் கண்ணால் காட்டினார். நான் மண் சுரண்டும் என் சிறு கரண்டியை எடுத்தேன். சரிந்த மண்ணில் தப்பிய ஆணி ஏதாவது இருக்கலாம் அல்லவா? விரற்கடை ஆழத்துக்கு ஓர் அடுக்காக எடுத்தேன். ஒவ்வொரு அடுக்கையும் அளந்து வரைந்தேன். ஈரக் களிமண் நெஞ்சை இறுக்கும். மூச்சை விட்ட பிறகு திரும்ப இழுக்க இடம் கொடுக்காது. முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு பேச்சு நின்றுவிட்டது. நாற்பது நிமிடத்தில் நெஞ்சுவரை வந்திருந்தேன். என் குறிப்பேட்டைப் பார்த்துத்தானே என்னைக் கைதுசெய்தீர்கள்? அவருடைய தாடையும் தோளும் அதில் அளவோடு இருக்கின்றன. ஒரு கோணம்கூடப் பிசகியிருக்காது.

தூர்டிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் சாகட்டும்னு தானே செஞ்சீங்க?"

"சேச்சே, இல்ல. முறையாத் தோண்டி எடுக்கணும்னுதான் நெனச்சேன். அவருக்குத்தான் பொறுமை பத்தல."