சுவருக்குப் பின்னால் தண்ணீர்

களிமண் தண்ணீர் குடிக்காது, சார். இந்த ஊரில் வீட்டு முற்றத்தில் புல் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் புரிவதில்லை. வருஷத்தில் பாதி மழை, கணுக்கால் வரை சேறு. அதனால்தான் பிளாஸ்டிக் புல்லுக்கு இவ்வளவு கிராக்கி. ஆனால் புல் வெறும் மேல்போர்வை. கீழே களியை வெட்டி எடுத்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, ஜல்லியும் கல்தூளும் பரப்பி, ஓட்டை போட்ட குழாயைத் துணி சுற்றிப் புதைத்து, அதன் வாயைத் தெருச் சாக்கடையில் கொண்டுபோய் விடவேண்டும். அந்த வாய் எங்கே போகிறது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

என்னோடு இதே வேலை செய்த பெரியதம்பிக்கும் இது தெரியும். நான்தான் கற்றுக்கொடுத்தேன். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு ஒரே கப்பலில் வந்தவர்கள் நாங்கள். முதலில் ஹேடோ துறைமுகத்தில் சிமென்ட் மூட்டை இறக்கினோம். தூளும் வேர்வையும் சேர்ந்து கழுத்தில் இறுகிப்போகும். ஒருவன் கழுத்தை ஒருவன் சுரண்டிவிடுவோம். அவன் கழுத்து எனக்கு என் உள்ளங்கையைப் போலத் தெரியும்.

அங்கே கேட்டுக்கு வெளியே ஜெயலட்சுமி சோற்றுப் பொட்டலம் விற்றாள். அவளை முதலில் பார்த்தது நான். ஆனால் அவள் முன்னால் போய் நின்றால் எனக்குப் பேச்சு வராது. என் பொட்டலத்தையும் பெரியதம்பியே வாங்கிவருவான். ஒருநாள் அவன், “ஏம்மா, கொழம்புல மீனக் காணோமே, லீவு போட்டு ஊருக்குப் போயிருச்சா?” என்று கேட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் தலையில் மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷமே கல்யாணம். பக்கத்தில் நின்று பூத்தட்டைப் பிடித்தது நான். என் மனசில் இருந்ததை அவனிடம் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால் அவன் என்ன கூட்டாளி?

உதுமான் பாயின் வீட்டை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். குட்வில் எஸ்டேட் மேட்டில் இருக்கிறது. முற்றத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே, தகரக்கூரை போட்ட அறையில் பெரியதம்பியும் ஜெயலட்சுமியும் குடியிருந்தார்கள். புல் போட நான் மேலே அளவெடுக்கும்போது கீழேயிருந்து அவள் சிரிப்பு கேட்டது. அவன் என்னமோ சொன்னான், மறுபடியும் கேட்டது. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தபிறகு ஒரு ஆளிடம் சிரிப்பதற்கு அப்படி என்ன மிச்சமிருக்கும்?

தெருப் பக்கம் வாட்டம் கொடுப்பதுதான் முறை. நான் சுவர்ப் பக்கம் கொடுத்தேன். குழாயைச் சுவருக்குப் பின்னாலேயே முடித்தேன். பள்ளம் தோண்டியது பெரியதம்பி. அவன் கேட்கவும் செய்தான்.

“அண்ணே, கொழாய் இங்கயே நின்னுடுச்சே. ரோட்டுச் சாக்கடை நாலாவுக்குக் கொண்டுபோவ வேணாமா?”

“ஜல்லிக்குழி இருக்குல்ல. அது குடிச்சுக்கும்.”

“களி குடிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“இந்தக் களி குடிக்கும்டா.”

“நீங்க சொன்னா கடலையே குடிக்கும்ணே” என்று சிரித்துக்கொண்டே மண்ணைத் தள்ளி மூடினான்.

தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவை திறந்திருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. முதல் மழையில் அவற்றின் வழியாகச் செந்நீர் பீய்ச்சியது. நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஜெயலட்சுமியே வந்தாள்.

“அண்ணே, அந்தப் பொந்துலேருந்து செம்மண் தண்ணி வந்து பாத்திரமெல்லாம் நாசம். ஒரு கை சிமென்ட் அடிச்சு அடைச்சுக் குடுங்களேன். உங்க தம்பி நாளைக்கு நாளைக்குங்குது.”

வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி. அன்றைக்கே போனேன். பெரியதம்பி கலவை குழைத்துக் கொடுக்க, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து வழவழப்பாகப் பூசினேன். அவள் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள், நேராக என் கையில்.

அடுத்த மழையில் உதுமான் பாய் குடையோடு புல்மேல் நின்றார். “பானி எங்கப்பா போச்சு? ஒரு சொட்டு நிக்கலையே!”

“கீழ போயிருச்சு பாய்.”

தெரிந்தவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொன்னார்.

மழை நாளில் எங்களுக்கு வேலை கிடையாது. மறுபக்கம் கூரை ஒழுகுவதால் பெரியதம்பி சுவரோரமாகத் தலைவைத்துத் தூங்குவான். ஜெயலட்சுமி பகலெல்லாம் ஓட்டல் சமையலில் இருப்பாள். இருட்டியபிறகு மழை வலுத்தால் நானே போன் போட்டு, “ஒழுகும், ரெண்டு பேரும் இங்க வந்து படுங்க” என்று என் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவேன். அண்ணனுக்கு எவ்வளவு பாசம் என்பாள். அவள்மேல் ஒரு கீறல் விழக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

சுவர் பகலில்தான் விழுந்தது. ஓடிப்போய்க் கல்லைப் புரட்டியவர்களில் நான்தான் முதல் ஆள். கழுத்தை வைத்து, அவன்தான் என்று நானே அடையாளம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால், மேலே மண் சரிந்த இடத்தில் புல் கிழியாமல் அப்படியே அந்தரத்தில் தொங்கியது. சுத்தமான வேலை.

மழையால் விழுந்தது என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். ஜெயலட்சுமியும் அதையேதான் சொல்கிறாள். “மழை கொண்டுபோயிருச்சுண்ணே, அதுக்கு அவர்மேல என்ன கண்ணோ.” இப்போது மழை வந்தால் வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். பெரியதம்பி மழையில்தான் இருக்கிறான் என்கிறாள். அதோடு பேசுகிறாள். நேற்று நான் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழையிடம் என்னமோ சொல்லிவிட்டு அதே சிரிப்பைச் சிரித்தாள், சார். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். அவளுக்காக மழை என்ன செய்தது? வாட்டம் பார்த்ததா, ஓட்டையை அடைத்ததா, காத்திருந்ததா? எல்லாம் நான் செய்தது. கேஸை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவளை மட்டும் ஒருமுறை இங்கே வரவழையுங்கள், நான் என் வாயால் சொல்கிறேன். விவரம் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடமாட்டாள்.