றப்பர்க் குழலும் பெரிய வெள்ளியும்

உயிர்ப்புத் திருநாளுக்கு முதல் நாள், முருங்கனில இருந்து வாற பஸ். எனக்கு முன்னால ஒரு மனுசனும் பெண்சாதியும். பக்கத்துச் சீற்றில பெண்சாதியின்ர தமையன், வாயில புதுச் சுங்கான், புகையிலை இன்னும் போடேல்ல.

"வாயில வைக்கிற குழல் பிளாஸ்டிக்கே மச்சான்? பல்லுக் கழற்றவோ வாங்கினனீ?" எண்டார் மனுசன்.

"உன்ர றப்பர்க் குழல் வெயில் பட்டாப் பாசி மாதிரிப் பச்சையாகும். வாயில வைச்சா வேப்பங்காய்."

"கவனிக்கத் தெரியாதவனுக்கு வேப்பங்காய்தான். இந்தா பார், என்ர சுங்கானை. கழுதை மூக்கு மாதிரிக் கறுப்பா மினுங்குது."

"தபசுகாலம் நாப்பது நாளும் சுங்கானைத் தொடமாட்டன் எண்டு நேர்ந்தனீயெல்லே? பெட்டிக்குள்ள கிடந்தா எதுவும் மினுங்கும்."

மனுசனுக்கு றோசம் வந்திட்டுது.

"பெட்டிக்குள்ள கிடந்து மினுங்கவோ? புகை பத்தி முடிச்சு, சூடு ஆறவிட்டுத்தான் குழலைக் கழற்றவேணும். பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கவேணும். நேற்றும் துடைச்சனான்!"

அதுவரைக்கும் யன்னலுக்கு வெளியால பார்த்துக்கொண்டிருந்த பெண்சாதி ஆறுதலாத் திரும்பினா.

"ஓம், நேற்றுப் பெரிய வெள்ளி. முழங்கால் நோகுது எண்டு கோயிலுக்கு வராமல் வீட்டில நிண்டனீங்கள். பாவம், முழங்காலுக்குப் பூச இல்லாமல் எண்ணெயெல்லாம் குழலுக்கே முடிஞ்சு போச்சாக்கும்."