வெள்ளி இதயம் பதித்த துப்பாக்கி

சிட்னிக் குளிரில் கறிவேப்பிலைக் கன்று தப்பவேண்டுமென்றால் அதற்கு ஒரு பழைய துணியைப் போர்த்திவிட வேண்டும். நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஓர் உயிர் வாடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒஃபிசர்.

லிட்கம் பகுதியில் கோர்டன் என்ற எண்பத்திரண்டு வயதுக்காரரை அவர் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் பராமரித்தேன். அவருடைய சுவரில் ஒரு நீளத் துப்பாக்கி தொங்கியது. இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் செய்தது, தீக்கல் உரசி வெடிப்பது. புலிவரி ஓடிய மேப்பிள் கட்டையில் இதயம், பிறை, மீன், கண் என்று பதினொரு வெள்ளித் தகடுகளைப் பதித்திருந்தார்கள். "மனைவியைவிட இதோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன், ராணி. இது ஒருநாளும் திருப்பிப் பேசியதில்லை" என்பார்.

போன தையில் அவருக்கு நெஞ்சுநோ வந்தது. எங்களில் கண்ணில் நோய் வருத்தமென்றால் வெள்ளிக் கண்மடல், காலில் என்றால் வெள்ளிக் கால் செய்து கோயிலுக்குக் கொடுப்போம். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் நோயாளியின் சொந்தப் பொருளுக்குப் பலன் கூடுதல் என்பது என் நம்பிக்கை. வெண்ணெய்க் கத்தியால் அந்த இதயத்தை மெதுவாகக் கிளப்பி, மேய்ஸ் ஹில் முருகனின் உண்டியலில் போட்டேன்.

"உது களவெல்லே?" என்றார் என் கணவர் ஸ்ரீகாந்தன்.

"அந்த மனிசன்ர பொருளை அந்த மனிசனுக்காகக் குடுக்கிறது களவோ? நீங்கள் சாப்பிடுங்கோ."

நெஞ்சுநோ குறைந்தது. ஆனால் கட்டையில் இருந்த பள்ளத்தைப் பார்த்ததும் அவருக்கு நித்திரை போய்விட்டது. நித்திரைக்குப் பிறையைக் கொடுத்தேன். அதைக் காணாமல் கை நடுங்கத் தொடங்கியது. துப்பாக்கியில் கை இல்லை. மீனுக்குக் கைபோலச் செட்டை இருந்தது, அதைக் கொடுத்தேன்.

"வீட்டுச் சாவி உன்னிடமும் என் மகள் ஹெலனிடமும்தான் இருக்கிறது" என்றார் ஒருநாள். "நீயோ சாமி கும்பிடுகிறவள்."

நோயாளியோடு வாதாடக் கூடாது. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்றும் பயந்தேன். இனி வரவேண்டாம் என்று மகளுக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். அவர் விரல் நடுங்கியதால் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தது மட்டும் நான். வாசலில் நின்று அழுத ஹெலனுக்குத் தேத்தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒன்பதாவது தகடு கொடுத்த கிழமை அவர் போய்விட்டார். கடைசியில் என் கையைப் பிடித்து, "ஹெலனா?" என்று கேட்டார். ஓம், நான்தான் என்றேன். அவர் முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஹெலன் இன்னும் ஓயாமல் அழுகிறாள் என்கிறீர்கள். அப்படி அழுதால் கண் கெட்டுவிடும். நீங்கள் சாட்சிப்பொருளாக எடுத்து வைத்திருக்கும் துப்பாக்கியில் இரண்டு கண் மிச்சம் இருக்கிறது. தகப்பனின் பொருள் மகளுக்கும் பலிக்கும். உங்கள் ஆட்களில் யாராவது வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் பக்கம் போனால் கொடுத்துவிடுங்கள். பெரிய வேலை இல்லை, ஒரு வெண்ணெய்க் கத்தி போதும்.