லக்சனின் படத்துக்கு ஒரு விளக்கு

வீடியோவில் ஒரு போட்டோவைச் சேர்ப்பதற்கு எந்த மென்பொருள் நல்லது என்று என்னிடம் கேட்காதவர்கள் முருங்கனில் குறைவு. சந்தியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ‘அனோஜன் வீடியோ’ என்று பலகை தொங்குகிறது. அந்த அனோஜன் நான்தான். நீங்களும் அதையே கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். ஆனால் மென்பொருளைத் தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது, லக்சன் செத்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பதறாதீர்கள், ஆள் சுவிஸில் நன்றாகத்தான் இருக்கிறான்.

இலவசமாகக் கிடைப்பதை எடுக்கவேண்டாம். வேலை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் தன் பெயரைக் குறுக்கே எழுதிவிடும். ஒருமுறை அந்தப் பெயர் ஒரு மாப்பிள்ளையின் நெஞ்சில் விழுந்துவிட்டது. பெண்ணின் தாய், “மாப்பிள்ளை இந்தக் கொம்பனியிலையோ வேலை செய்யிறார்? எங்களுக்கு வேறையெல்லோ சொன்னனீங்கள்?” என்று கலியாணத் தரகரைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது ரகம் சிறியது. எந்தப் பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். போட்டோவைப் பெட்டி பெட்டியாக ஒட்டும், அவ்வளவுதான். அதையும் குறைவாக மதிக்காதீர்கள். ஓலைத்தொடுவாயில் வஸீரின் கலியாணத்தில், மாப்பிள்ளை சபைக்கு வருகிற நேரம் பார்த்து ஒரு கழுதை அவருக்குப் பின்னால் வந்து நின்றது. மன்னார்த் தீவில் கழுதை வராத வீடியோ எடுப்பது பெரும்பாடு. இது தோளுக்கு மேலால் கமராவையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதன் முகத்தின் மேல் ஒரு பூச்சாடியின் போட்டோவை ஒட்டிவிட்டேன். வஸீரின் வாப்பா அந்த இடத்தில் நின்று, கையில் தடியோடு அந்தக் கழுதையைத் துரத்தியவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, “நல்ல சாடி, எங்க வாங்கின?” என்று மகனிடம் கேட்டாராம். வீடியோவில் வந்துவிட்டால் சனம் நம்பும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

மூன்றாவது பெரியது. போட்டோவிலிருந்து ஆளை மட்டும் வெட்டி எடுத்து, வீடியோவில் நிற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தும். உண்மையாகவே வந்து நின்றது போல இருக்கும். கொம்பியூட்டர் அடுப்பாகச் சுடும், பக்கத்தில் மேசை விசிறி வைக்கவேண்டும், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

நான்காவது, எல்லாம் தயாராகச் செய்து வைத்திருக்கும் கலியாண மென்பொருள். புத்தளத்திலிருந்து திரும்பிவந்து குடியேறிய பாயிஸ் எனக்கு அதைக் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு வட்டம் இருக்கிறது. போட்டோவை அதற்குள் போட்டால் வானத்திலிருந்து மெதுவாக இறங்கும், மேலிருந்து பூச் சொரியும், மணவறைக்கு மேல் வந்து நின்று ஆசீர்வதிக்கும். வேண்டுமானால் வட்டத்துக்குக் கீழே ஒரு குத்துவிளக்கு எரியவும் செய்யலாம்.

அந்த வட்டத்தை எங்கள் பக்கத்தில் பழக்கமாக்கியவன் நான். யுத்தம் முடிந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பி, தகரக் கொட்டில்களைப் போட்டுக்கொண்டு, தள்ளிப்போன கலியாணங்களை எல்லாம் ஒன்றாகச் செய்யத் தொடங்கிய காலம் அது. ஒவ்வொரு மணவறையிலும் யாரோ ஒருவர் இல்லை. தகப்பன் இல்லை, அல்லது தமையன் இல்லை. தாலி கட்டுகிற இடத்தில் அவர்களை இறக்கினேன். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. எனக்கும் கண் கலங்கியிருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் மிகவும் கவனம். இறந்தது நிச்சயம் என்றால் விளக்கு. காணாமல் போனவர் என்றால் வெறும் வட்டம். ஒரு தாய் என் கடை வாசலில் நின்று, “தம்பி, விளக்கு மட்டும் வையாதேங்கோ. அவன் எங்கையோ இருக்கிறான்” என்று கும்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து ஒரு தடவைகூட எனக்கு இது பிசகியதில்லை. முருங்கனிலிருந்து அடம்பன் வரைக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வட்டத்தில் விளக்கு எரிந்தால் ஆள் போய்விட்டார்.

இனி லக்சன். நவரத்தினம் ஐயா கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். அவருக்கும் இராசேஸ்வரி அக்காவுக்கும் லக்சன் மூத்தவன், அபிசா இளையவள். அபிசாவின் கலியாணத்துக்கு லக்சனால் வர முடியவில்லை. சுவிஸில் அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. இராசேஸ்வரி அக்கா கடைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

“தம்பி, என்ரை பிள்ளை தங்கச்சிக்குப் பக்கத்திலை நிக்கிற மாதிரி ஒருக்கால் செய்து தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

“செய்யலாம் அக்கா. படம் ஒண்டு அனுப்பச் சொல்லுங்கோ.”

அவன் அனுப்பினான். பனி மலைக்கு முன்னால், தடித்த ஜக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். முருங்கன் வெயிலில் அவனை அப்படியே நிறுத்தினால் பார்க்கிறவர்களுக்கு வேர்க்கும்.

மூன்றாவது மென்பொருளில்தான் செய்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஜக்கெட்டைப் பட்டுச் சட்டையாக்கி, தாலி கட்டுகிற நேரம் அபிசாவுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தினேன். அருமையாக வந்தது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. ஆனால் அதே இடத்தில், ஆசீர்வதிக்கத் தூவும் அறுகரிசித் தட்டுடன், சிவதர்சினி நின்றாள். லக்சனின் தோள் அவளுடைய தோளில் பட்டது.

சிவதர்சினியைச் சொல்ல மறந்துவிட்டேன். அடம்பன் பிள்ளை. லக்சனுக்குப் பேசி, சாதகம் பொருந்தி, அவனுடைய வதிவிடக் கடதாசி கிடைத்ததும் அனுப்பிவைப்பது என்று முடிவாகியிருந்தது. நான் அவளை விரும்பினேன். அவளுக்கும் என்மேல் விருப்பம் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு வீடியோ எடுக்கப் போனபோது, எனக்கு மட்டும் சீனி இல்லாத தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் சீனி போடாமல் குடிப்பவன் என்று அவளுக்கு யார் சொன்னது? அன்றைக்குச் சீனி முடிந்துபோயிற்று என்று அவளுடைய தாய் பிறகு மன்னிப்புக் கேட்டார். அது தாய் சொல்வது.

பொறாமை என்று நினைக்கவேண்டாம். லக்சனின் நிழல் சரியாக விழவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் நிழல் முக்கியம். அதனால் அந்த வேலையை மூடிவைத்துவிட்டு நான்காவது மென்பொருளைத் திறந்தேன்.

வட்டத்துக்குள் லக்சன் நன்றாகவே பொருந்தினான். பனி மலையை எடுத்துவிட்டு மேகத்தை வைத்தேன். அந்த நேரம் சிவதர்சினியின் அக்காவின் நினைவு வந்தது. கடைசி யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்து, இப்போது தகப்பன் வீட்டில் இருக்கிறாள். இன்னொரு பெண்ணும் அப்படி வந்து இருப்பதை அந்த மனிதர் தாங்கமாட்டார். சின்னச் சகுனத்துக்கே பயப்படுகிறவர், பூனை குறுக்கே போனால் வயலுக்குப் போகாமல் திரும்பிவிடுவார். இதை நினைத்துக்கொண்டே விளக்கை எடுத்து வட்டத்துக்குக் கீழே வைத்தேன். சுடர் அசையாமல் நின்றது. இயல்பாக இல்லை என்று கொஞ்சம் அசையவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கலியாண வீடியோ வந்தால் ஊரே கூடிப் பார்க்கும். நவரத்தினம் ஐயாவின் புது வீட்டில், பூசாத சுவரோடு தொலைக்காட்சியை வைத்து, நிலத்தில் பாய் விரித்திருந்தார்கள். வரப்போகும் சம்பந்திகள் என்று சிவதர்சினி வீட்டாருக்கு முன்வரிசையில் கதிரை. எனக்கும் ஒரு கதிரை தந்து, பயற்றம் பணியாரமும் தந்தார்கள்.

தாலி கட்டுகிற இடம் வந்தது. கெட்டிமேளம் முழங்க, பூச் சொரிய, லக்சன் வானத்திலிருந்து இறங்கினான். விளக்கு எரிந்தது.

இராசேஸ்வரி அக்கா புருஷனைப் பார்த்து, “எப்ப நடந்தது?” என்று மட்டும் கேட்டார். “எனக்கேன் ஒளிச்சனீங்கள்?”

கலியாணம் நிற்கக்கூடாது என்பதற்காக, வெளிநாட்டில் நடந்த சாவை வீட்டாருக்குச் சொல்லாமல், தாலி ஏறிய பிறகு சொல்வது இங்கே வழக்கம். சாவுத் துடக்கு வந்துவிடும் என்று எத்தனையோ பேர் ஒளித்திருக்கிறார்கள். அக்கா தன் புருஷன் ஒளித்தார் என்று நினைத்தார். புருஷனோ மருமகன் ஒளித்தான் என்று நினைத்தார். மருமகன், தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்போல என்று தலையைக் குனிந்தான். அவன் குனிந்ததோடு விஷயம் உறுதியாகிவிட்டது. “என்ரை ராசா, பனிக்குள்ளை போய்க் கிடந்தியோ” என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தார். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கினார்கள். லக்சனுக்குப் போன் எடுத்தால் பதிலில்லை. அவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, அந்த நேரம் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எல்லோரும் அழுகிற இடத்தில் நான் எப்படிக் குறுக்கே பேசுவது? அக்காவை முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐயரைக் கூட்டிவரவும் ஒருவர் சைக்கிளில் போய்விட்டார்.

பொழுதுபடும் நேரம் லக்சனே போன் எடுத்தான். வீடியோ எப்படி என்று கேட்கத்தான் எடுத்தானாம். நவரத்தினம் ஐயா போனைக் காதில் வைத்தார், எதிரில் நின்ற எனக்கும் அவன் குரல் கேட்டது.

“அப்பா, ஏன் அழுற சத்தம் கேக்குது? ஆர் செத்தது?”

“நீதானடா.”

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் சிரித்தார்கள், திரும்ப அழுதார்கள். கணக்குப் பார்த்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அக்காவுக்கு இடது கை கொஞ்சம் விறைத்திருக்கிறது, தேங்காய் திருவக் கஷ்டப்படுகிறார். பயிற்சி செய்தால் சரியாகும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

சிவதர்சினியின் தகப்பனார் அன்றே எழுந்து போய்விட்டார். “உயிரோடை இருக்கிறவனுக்கு, தாலி ஏறுற நேரம் விளக்கு எரிஞ்சிட்டுது. இனி என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்” என்று வாசலில் நின்று சொன்னார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

நவரத்தினம் ஐயா கடைக்கு வந்தார். இந்தியாவிலிருந்து வந்த சாமான், விளக்குத் தானாகவே சேர்ந்துவிட்டது என்று விளக்கினேன். நம்பினார். நான் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “மெசின் செய்ததுக்கு நீங்கள் என்ன செய்வீங்கள் தம்பி” என்று அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷி.

பிறகு சிவதர்சினி வந்தாள். தனியாக வந்தாள் என்பதைக் கவனியுங்கள். கதிரையை இழுத்துப் போட்டேன், அவள் இருக்கவில்லை.

“வீடியோ அண்ணா, அந்தப் படம் விளக்கில்லாமல் உங்களிட்டை இருக்குதோ? எனக்கு மட்டும் ஒருக்கால் தருவீங்களோ? அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ.”

அண்ணா என்றது கடையில் ஆட்கள் நின்றதால். கண்கள் வீங்கியிருந்தன, தூக்கம் இல்லை என்று தெரிந்தது. எனக்கு மனம் இளகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று மென்மையாகச் சொன்னேன். அவள் கொம்பியூட்டரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடம்பன் பஸ்ஸில் போய்விட்டாள்.

ஹார்ட் டிஸ்க் பழுதில்லை. மூன்றாவது மென்பொருளில் செய்த அந்த நல்ல வேலை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து லக்சனை எடுத்துவிட்டேன், அவனுடைய இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். தோள் படுகிறது. நிழலும் சரியாக விழுந்திருக்கிறது. தினமும் கடையைத் திறந்ததும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன். ஆகவே, கேட்டதற்குப் பதில் இதுதான்: பொறுமை இருந்தால் மூன்றாவதை எடுங்கள், அவசரம் என்றால் நான்காவது.

சிவதர்சினியின் தகப்பனார் போன கிழமை கடைக்கு வந்திருந்தார். என்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு. “உங்கடை கையாலைதான் கடவுள் எனக்குக் காட்டினது தம்பி” என்றார். வங்காலைப் பக்கத்தில் ஒரு ஆசிரியரைச் சிவதர்சினிக்குப் பேசி முற்றாக்கியிருக்கிறார்களாம். நான் அதைக் கேட்டுக் கவலைப்படவில்லை, கலியாண வீடியோ எனக்குத்தான். மாப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தனியாக நின்று, சிரித்துக்கொண்டு எடுத்ததாக இருந்தால் நல்லது.