குடைராணி யாரையும் தூக்கி எறிந்ததில்லை

கொட்டகையிலும் அக்கம்பக்கத்திலும் என்னைக் குட்டிக்கரணம் என்றே கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. ரயில் நிலையத்துக்குப் பின்புறம், அச்சகத்தின் மேல்மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். நாடகக் கொட்டகையில் இடைவேளைக்குப் பின் நடக்கும் நகைச்சுவைக் காட்சியில் திருடனாக நடிக்கிறேன். என் தொழில் விழுவது.

இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருப்பது என் மனைவி. விளம்பரத் தட்டிகளில் குடைராணி என்று போட்டிருப்பது அவளைத்தான். ஊரில் தற்காப்புப் பள்ளிகள் புதிதாகத் திறந்து, பத்திரிகைகளில் படத்தோடு பாடம் வரத் தொடங்கியபோது, அதைக் கேலி செய்து நாங்கள் அமைத்த காட்சி இது. ஒரு கையில் குடையும் மறு கையில் பத்திரிகையுமாக அவள் வருவாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடிப்பேன். அவள் பத்திரிகையைப் பார்த்து, “கொஞ்சம் இருங்க தம்பி, இடது கையால பிடிக்கணும்னு போட்டிருக்கு” என்பாள். நான் மன்னிப்புக் கேட்டுக் கையை மாற்றிக்கொள்வேன். அதன் பிறகு அவள் குதிகாலால் மேடைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் எம்பிக் கரணம் அடித்து விழுவேன். பார்ப்பவர்களுக்கு அவள் குடையின் வளைந்த பிடியால் என்னைச் சுழற்றி எறிந்ததுபோலத் தெரியும். உண்மையில் குடை என்மேல் படுவதுகூட இல்லை. அவள் ஒருவரையும் எறிந்தவளல்ல. வீட்டில் தண்ணீர் வாளியை மாடிக்குத் தூக்கி வருவதும் நான்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி முடிந்து மேடைக்குப் பின்னால் வேஷம் கலைத்துக்கொண்டிருந்தபோது, புகார் கொடுத்திருக்கும் தற்காப்புப் பள்ளி வாத்தியார் உள்ளே வந்தார். அவர் என் மனைவியிடம், “தெருவுல போனா சின்னப் பசங்க குடையைக் காட்டி இளிக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் நின்னுட்டாங்க. எல்லாம் உன்னாலதான்” என்றார். அவள், “சிரிக்கறதுக்குத்தாங்க ஐயா காட்சியே. உக்காருங்க, டீ சாப்பிடுங்க” என்றாள். அதன் பிறகு அவர் அவளுடைய மணிக்கட்டை வலது கையால் பிடித்து, “எங்கே, எறி பாப்போம். நான் கை மாத்தமாட்டேன்” என்றார். அவள் விடச் சொன்னாள். அவர் விடவில்லை. பிடித்த இடத்தைச் சுற்றித் தோல் வெளுத்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு அவள் அவருடைய பாதத்தை மிதிக்கக் காலை ஓங்கினாள். அவர் சட்டென்று பாதத்தை இழுத்துக்கொண்டார். அந்த வகையில் அவர் கெட்டிக்காரர்தான். குதிகால் பலகையில் இறங்கியது. நான் அவருக்குப் பின்னால், கால்சட்டையில் ஒரு காலை மட்டும் நுழைத்தபடி நின்றிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டால் என் உடம்பு என்னைக் கேட்டுக்கொண்டு கிளம்புவதில்லை. எம்பிவிட்டேன். மனைவியைக் காப்பாற்றத்தான் பாய்ந்தேன் என்று சொன்னால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அப்படி இல்லை. மேடையானால் எனக்குக் காலியாக விட்டிருக்கும் இடத்தில் அன்று வாத்தியார் நின்றிருந்தார். என் முழங்கால்கள் அவர் முதுகில் இடித்தன, அவள் ஒதுங்கிக்கொண்டாள், அவர் அவளுக்குப் பின்னால் இருந்த படிகளில் உருண்டு கீழே போனார். தோள்பட்டை எலும்பு முறிந்தது அப்படித்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எப்போதும்போல விழுந்திருந்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தபோது படிக்கு மேலே அவள் மட்டும் குடையோடு நின்றிருந்தாள். நான் துணி மூட்டைகளுக்குள் கிடந்தேன். அவளே ஏதோ பிடி போட்டு எறிந்ததாக அவர் புகாரில் சொல்லியிருக்கிறார். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு முதுகில் கண் இல்லை. மறுநாள் கொட்டகை முதலாளி, ‘வாத்தியாரையே வீழ்த்திய வீராங்கனை’ என்று வாசலில் புதுத் தட்டி வைத்தார். அதைப் பார்த்த பிறகே காவலர்கள் அவளை அழைத்து வந்தார்கள்.

அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். இன்று காலை காவல் நிலைய வராந்தாவில் அவளிடம், “உள்ள போட்டுடுவாங்கம்மா, உண்மையைச் சொல்லிடு” என்றேன். அவள், “இத்தனை வருஷமா நீங்க விழுந்தீங்க, ஊரு சிரிச்சுது. ஒருத்தன் நெசமாவே கையைப் பிடிச்சான், நெசமாவே விழுந்தான். நானே பண்ணினதா இருந்துட்டுப் போகட்டுமேங்க. இங்க காவல் நிக்கிற அம்மாகூட அந்தப் பிடியைச் சொல்லிக் குடுங்கன்னு கேக்கறாங்க” என்றாள். நான், “ஜெயிலுக்குப் போனா?” என்றேன். அவள், “அங்க எவ என்கிட்ட வாலாட்டுவா?” என்றாள்.

அவள் ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும், செய்யாத காரியத்துக்கு அவளைச் சிறைக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் மாடிக்குப் போய்ப் படுக்க முடியாது. விழுந்தது நான். எந்தப் பிரிவானாலும் என்மேல் போட்டுக்கொள்ளலாம்.

அவள் அடுத்த அறையில் இருக்கிறாள், நடுவில் பலகைத் தடுப்பு மட்டுமே. எழுத்தர் இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, அவள் எறியவில்லை என்று வரும் இடங்களை மட்டும் குரலைத் தாழ்த்திப் படிக்கக் கேட்டுக்கொண்டேன். அவரும் அப்படியே படித்தார். நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)